துருவும் தழும்பும்

ஒரு பழைய யேர்மன் இராணுவ ஹெல்மெற்றைக் கையில் கொடுத்தால், புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவர் முதலில் அதன் வெளிப்பக்கத்தைத்தான் பார்ப்பார். கழுகுச் சின்னம் இருக்கிறதா, பூச்சு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, எங்கேயாவது நெளிந்திருக்கிறதா என்று. பழகியவர் அதைக் கவிழ்த்துப் பிடிப்பார். உள்ளே இருக்கும் தோல், அதைப் பிடித்திருக்கும் ஆணி, விளிம்பின் உட்புறத்தில் குத்தப்பட்ட எழுத்தும் இலக்கமும், வியர்வை ஊறிய கறை, இவைதான் அவருக்கு முக்கியம். இந்த வித்தியாசத்தை எனக்குக் காட்டித் தந்தவர் டுபாயில், அல் கூஸ் பகுதியில், நான் வேலை செய்த காலத்தில் பழக்கமான ஒரு நண்பர். அவர் சேகரித்த பொருட்களை விட, அவற்றை அவர் சந்தேகித்த விதம்தான் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. ஒன்றை 'உண்மையானது' என்று சொல்லும்போது நாங்கள் எதைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறோம்? அந்தத் தீர்ப்புப் பிழைத்தால் நட்டப்படுகிறவர் யார்?

அல் கூஸை ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கிற வாசகர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. படங்களில் வருகிற டுபாய் அல்ல அது. ஷேக் சாயித் வீதிக்கும் அல் கைல் வீதிக்கும் இடையில் தகரக் கூரைக் களஞ்சியங்களும் கராஜ்களும் அச்சகங்களும் தொழிலாளர் விடுதிகளுமாக நிறைந்து கிடக்கிற நிலம். அந்த விடுதிகளை எல்லோரும் 'காம்ப்' என்றுதான் சொல்வார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து போனவனுக்கு அந்தச் சொல்லைக் கேட்டு வயிறு கலங்காமலிருக்கச் சில மாதங்கள் பிடிக்கும். எங்களூரில் காம்ப் என்றால் ஆமிக்காம்ப் ஒன்றுதான். 2008இல் இங்கே அல்செர்கால் அவெனியூ என்ற பெயரில் ஓவியக்கூடங்கள் வந்தன. 2015இல் அது ஒரு பழைய மார்பிள் தொழிற்சாலை இருந்த நிலத்துக்கும் பரந்தது. நடந்து போகிற தூரத்தில் ஒரு பக்கம் விலையுயர்ந்த ஓவியம், மறுபக்கம் அடுக்குக் கட்டில்களில் ஆட்கள் முறைவைத்துப் படுக்கும் அறை.

இரண்டுக்கும் நடுவே பழைய சாமான்கள் விற்கும் கொட்டகைகள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போகும் சோபா, குளிர்பெட்டி, கொல்ஃப் தடிகள், அவற்றோடு 'அன்ரிக்' என்று சொல்லப்படும் குவியல். பித்தளைத் திசைகாட்டி, கப்பல் தொலைநோக்கி, சுழியோடியின் தலைக்கூடு. இவற்றில் கணிசமானவை கடலையே காணாதவை. ரூர்க்கியிலும் மொராதாபாத்திலும் உள்ள பட்டறைகளில் செய்யப்பட்டு, அமிலம் பூசிக் கறுக்க வைத்து அனுப்பப்படுபவை. பிக்கல்ஹௌப என்கிற, உச்சியில் கூர்முனை வைத்த பழைய பிரஷ்யத் தொப்பியும் இந்த வழியில் வருகிறது. 1842இல் பிரஷ்ய அரசன் தன் படைக்குக் கொடுத்த தொப்பியை இன்று உத்தரகாண்டத்தில் யாரோ ஒருவன் நாட்கூலிக்குத் தட்டி எடுக்கிறான். அதை ஓர் அவுஸ்திரேலியன் டுபாயில் வாங்கிப் பெருமையோடு பேர்த்துக்குக் கொண்டுபோகிறான்.

நண்பரை அண்ணை என்றே சொல்கிறேன், அப்படித்தான் கூப்பிட்டேன். 1984இல் கிழக்கு பேர்லின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்குப் பேர்லினுக்குள் வந்தவர்களில் அவரும் ஒருவர். அந்த வழியால் வந்தவர்கள் இதை வாசிப்பவர்களில் பலர் இருப்பார்கள். ஊரில் லேத் வேலை பழகியவர். யேர்மனியில் வதிவிடமும் பின்னர் குடியுரிமையும் கிடைத்து, இயந்திரங்கள் செய்யும் ஒரு கொம்பனியில் சேர்ந்து, அது அவரை டுபாய்க்கு அனுப்பியது. வெள்ளிக்கிழமை வார விடுமுறையாக இருந்த காலம் அது. 2022 தையிலிருந்துதான் சனி ஞாயிறாக மாறியது. வெள்ளி பின்னேரங்களில் வெயில் தாழ்ந்த பிறகு அந்தக் கொட்டகைகளைச் சுற்றுவோம். அவர் ஏன் ஹெல்மெற் சேர்க்கத் தொடங்கினார் என்று கேட்டால், "இரும்பு வேலை தெரிஞ்சவனுக்கு இரும்பு பிடிக்கும்" என்பதற்கு மேல் பதில் வராது. சின்னம் உள்ள பக்கத்தைச் சுவரைப் பார்க்கத்தான் வைப்பார். யேர்மனியில் கொக்கிச் சிலுவையைப் பொதுவில் காட்டுவது குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவின்படி குற்றம், அந்தப் பழக்கமாயிருக்கலாம். வெட்கமாயும் இருக்கலாம்.

இனி அவர் பார்த்த முறையைச் சொல்ல வேண்டும், அதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலாம் உலகப்போர் தொடங்கியபோது யேர்மன் படையினர் தலையில் இருந்தது தோல் தொப்பி. பதுங்குகுழிப் போரில் மேலிருந்து சிதறும் குண்டுத்துண்டுகள் மண்டையைப் பிளந்தன. ஹனோவர் தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த பிரீட்ரிஷ் ஷ்வெர்ட் என்பவர் 1915இல் உருக்குக் கவசத்தை வடிவமைத்தார். 1916இல் வெர்டன் போர்முனையில் அது தலையேறியது. அதைச் சிறிதாக்கி 1935இல் வந்தது இரண்டாம் உலகப்போரில் பரவலாகப் பயன்பட்ட வடிவம். 1935ஆம் ஆண்டு மாதிரியில் காற்றுத் துளைக்குத் தனியாக ஒரு குழாய் ஆணி பொருத்தியிருக்கும். 1940ஆம் ஆண்டு மாதிரியில் துளையைத் தகட்டிலேயே அழுத்தி எடுத்துவிட்டார்கள். 1942ஆம் ஆண்டு மாதிரியில் விளிம்பை உள்மடிக்கும் வேலையையும் கைவிட்டார்கள். விளிம்பு வெட்டியபடியே வெளியே விரிந்திருக்கும். போர் நெருக்க நெருக்க ஒவ்வொரு வேலையாகக் குறைத்துக்கொண்டு போனதை இந்த மூன்று இரும்புகளையும் வரிசையாக வைத்தால் விரலாலேயே தடவி அறியலாம். ஒரு நாடு தோற்றுக்கொண்டிருக்கிறது என்பதை அதன் தொழிற்சாலை அதன் மந்திரிகளுக்கு முன்பே ஒப்புக்கொண்டுவிடுகிறது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

உட்புற விளிம்பில், பெரும்பாலும் இடப்பக்கத்தில், செய்தவரின் எழுத்தும் அளவும் குத்தியிருக்கும். 'ஈரி 64' என்றால் தாலே ஆலையில் செய்த 64ஆம் அளவு ஓடு. 'கியூ' என்றால் எஸ்லிங்கனில் இருந்த குவிஸ்ற். 'ஈஎஃப்' என்றால் ஃபுல்டா. பின்பக்கத்தில் தொகுதி இலக்கம். உள்ளே எட்டு விரல்களாக வெட்டிய தோல், ஒரு கயிற்றால் சுருக்கப்பட்டு, மூன்று பிளவு ஆணிகளால் பிடிக்கப்பட்டிருக்கும். தரைப்படை ஹெல்மெற்றின் ஒரு பக்கத்தில் கறுப்பு வெள்ளை சிவப்புக் கேடயமும் மறுபக்கத்தில் கழுகும் ஒட்டினார்கள். கேடயத்தை 1940இல் நிறுத்தினார்கள், கழுகை 1943இல். ஆகவே 1942ஆம் ஆண்டு வடிவத் தரைப்படை ஹெல்மெற் ஒன்று இரண்டு பக்கமும் சின்னத்தோடு பளபளத்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம். புதியவர் ஆசைப்படுவது அந்த இரட்டைச் சின்னத்துக்குத்தான். போலி செய்பவனுக்கும் அது தெரியும்.

பிறகு துரு. பழைய துரு கடுங்கபிலமாக, பூச்சுக்கு அடியிலிருந்து மெல்ல எழும்பி, இறுகிப்போய் இருக்கும். உப்புத்தண்ணியிலும் அமிலத்திலும் ஒரு வாரத்தில் வரவழைத்த துரு செம்மஞ்சளாக விரலில் ஒட்டும். தோலைத் தேயிலைச் சாயத்தில் ஊற வைத்திருப்பார்கள். மூக்குக்குக் கிட்டப் பிடித்தால் சப்பாத்துப் பொலிஷ் மணக்கும். அண்ணை ஒரு சின்னப் புற ஊதா ரோர்ச் வைத்திருந்தார். போருக்குப் பின் வந்த வெளுப்பு இரசாயனம் சேர்ந்த நூல் அந்த ஒளியில் நீலமாக மினுங்கும். எண்பது வருடப் பழசென்று சொல்லப்பட்ட தையல் இருட்டில் மினுங்கியதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கண்டிருக்கிறேன். கடைக்காரர் கோபிக்கவில்லை. பெஷாவரிலிருந்து வந்த கிழவர் அவர். "சாப், எல்லாம் அல்லாவின் ஒளி" என்று சொல்லிச் சிரித்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி. சேகரிப்பவர்கள் உலகம் முழுவதும் சொல்லிக்கொள்வது. அண்ணையின் வாயில் அது இப்படி வரும்: "தம்பி, சாமானை வாங்கு. கதையை வாங்காதை." ஒவ்வொரு ஹெல்மெற்றோடும் ஒரு கதை வரும். மணல் நிறப் பூச்சு என்றால் எல் அலமைன். உள்ளே கறை என்றால் இரத்தம். விற்பவரின் பாட்டன் கையால் எடுத்தது. கதை எவ்வளவு உருக்கமோ அவ்வளவுக்குச் சந்தேகிக்க வேண்டும். கதையைக் கேட்டுக்கொண்டு பார்த்தால் கண் மங்கும் என்பார். ஆகவே புதியவர் செய்ய வேண்டியது, வாங்குவதற்கு முன் புத்தகங்களை வாங்குவது, சந்தேகமற்ற ஹெல்மெற்றுகளைப் பத்துப் பதினைந்தாவது கையில் ஏந்திப் பார்ப்பது, திருப்பி எடுக்கச் சம்மதிக்கிறவரிடம் மட்டும் காசு கொடுப்பது. அவசரப்படாமலிருப்பது. சந்தேகம் வந்தால் விட்டுவிடுவது. ஒரு நல்ல ஹெல்மெற்றைச் சந்தேகத்தால் இழந்தாலும் பாதகமில்லை, இன்னொன்று வரும்.

இதில் 'உண்மை' என்பது ஒற்றைப் பொருளாக இல்லை என்பதும் கவனிக்கத் தக்கது. சியாங் கை ஷேக்கின் சீனப்படை 1930களில் இதே யேர்மன் ஹெல்மெற்றுகளை வாங்கி அணிந்தது. பின்லாந்துக்காரர் அணிந்தார்கள். போர் முடிந்த பின் நோர்வே, தன்னை ஆக்கிரமித்தவர்கள் விட்டுப்போனவற்றையே உட்பக்கம் மாற்றித் தன் படைக்குக் கொடுத்தது. அப்படியானால் ஓடு 1941, தோல் 1950களின் நோர்வே, சின்னம் போன வருடம், துரு போன கிழமை. இந்த நாலில் எதைக் கேட்டுப் பதில் சொல்வது? யேர்மன் கடவுச்சீட்டோடு அல் கூஸில் நின்று, மானிப்பாய்த் தமிழில் ஒரு பெஷாவர்க்காரரிடம் விலை பேசத் தெண்டிக்கிற அண்ணையைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் வேடிக்கையாகவும் பட்டது.

வேடிக்கை இல்லாத பக்கம் ஒன்றும் உண்டு. துளைபட்ட ஹெல்மெற்றுக்குத் தனி மவுசு. குண்டு உள்ளே போன வழி, மறுபக்கம் வெளியேறிய வழி, இரண்டும் தெளிவாக இருந்தால் சிலர் கூடுதலாகக் கொடுப்பார்கள். ஆகவே அதற்கும் போலி இருக்கிறது: நல்ல ஓட்டை வேலியில் மாட்டிச் சுடுகிறார்கள். அதைக் கண்டுபிடிக்க, துளையின் உதட்டில் பழைய துரு இருக்கிறதா, பூச்சு எப்படிச் சிதறியிருக்கிறது, உள்தோலும் அதே இடத்தில் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதாவது, உள்ளே ஒரு தலை இருந்ததா என்று பார்க்க வேண்டும். இருந்திருந்தால் நல்ல சாமான். தலை இல்லாமல் சுடப்பட்டிருந்தால் ஏமாற்று. இந்தச் சந்தையில் போலி என்பது, ஒருவரும் சாகவில்லை என்பதற்குப் பெயர். நாட்கூலிக்காரன் தட்டி எடுத்த ஹெல்மெற் எந்தக் கிராமத்துக்குள்ளும் புகவில்லை, எவரையும் சுவரோடு நிறுத்தவில்லை. அறத்தின் தராசில் போட்டால் அந்தப் போலிதான் சுத்தமானது. ஆனாலும் ஒருவரும் அதை விரும்புவதில்லை, அண்ணையும் விரும்பவில்லை. நானும்தான், அவர் கையில் தந்தபோது, உண்மையானதைத் தொடும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகத் தொட்டேன்.

ஒருநாள் அவரது அறையில், அந்தப் பழைய விதியை அவர் திரும்பச் சொன்னபோது தானே நிறுத்திவிட்டுச் சிரித்தார். "என்னட்டையும் உதைத்தான் கேட்டவங்கள். கதையை விடு, சாமானைக் காட்டு." காட்டியது முன்னங்கையை. 1984இல் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டபோது ஏற்பட்ட தழும்பு அதில் இருந்தது. விசாரித்த அதிகாரி அவரது தொழில் என்னவென்று கேட்டாராம். லேத் என்றதும், லேத் வேலை செய்பவனுக்குக் கையில் வெட்டுக்காயம் வருவது இயல்புதானே என்று எழுதிக்கொண்டாராம். கிராமசேவகரின் கடிதம் கொடுத்தார். எல்லாக் கடிதங்களும் ஒரே மாதிரி இருக்கின்றன என்றார்கள். தட்டெழுத்தில் ஒரு பிழை இருந்தது. கிராமசேவகர் இப்படிப் பிழை விடுவாரா என்றும் கேட்டார்கள். மாதிரிக்கு ஒத்திருந்தாலும் குற்றம், ஒத்திராவிட்டாலும் குற்றம். ஏழு வருடம் கழித்துத்தான் ஒரு முடிவு வந்தது.

அண்ணையின் கதையை அண்ணையின் கதையாகவே விட்டுவிடலாம். பகிரங்கப் பதிவில் உள்ள ஒன்றைப் பார்ப்போம். பிரித்தானிய நீதிமன்றப் பதிவுகளில் கே.வி. என்ற இரண்டு எழுத்துகளால் மட்டும் அறியப்படுகிற ஓர் ஈழத்தமிழர் 2011 மாசியில் அங்கே போய்ச் சேர்ந்தார். புலிகளுக்காக நகைகளை மதிப்பிட்டு உருக்கிக் கொடுத்ததாகவும், அதற்காகப் பிடிக்கப்பட்டுச் சூடான உலோகக் கம்பியால் சுடப்பட்டதாகவும் சொன்னார். முதுகில் ஐந்து நீண்ட தழும்புகள், வலக்கையில் இரண்டு சிறியவை. கையிலுள்ளவற்றின் ஓரம் கலங்கியிருந்தது, முதுகிலுள்ளவற்றின் ஓரம் கூராக இருந்தது. கையில் சுட்டபோது துடித்தேன், பிறகு நினைவிழந்தேன், முதுகில் சுட்டது அதன் பின்தான் என்பது அவரது விளக்கம். மருத்துவ நிபுணர் அந்த விளக்கத்தோடு தழும்புகள் பெரிதும் பொருந்துகின்றன என்றார். தீர்ப்பாயம் ஏற்கவில்லை. முதுகுத் தழும்புகள் அளவுக்கு மீறி ஒழுங்காக இருக்கின்றன. தஞ்சம் பெறுவதற்காக, மயக்க மருந்தேற்றிக்கொண்டு, வேறொருவரைக் கொண்டு தானே சுடுவித்திருக்கலாம் என்று கண்டது.

இதை வாசித்தபோது எனக்கு நினைவில் வந்தது அண்ணையின் ரோர்ச். அதே கண்தான். ஓரம் கூராக இருக்கிறது, ஆகவே போலி. துரு அழகாக இருக்கிறது, ஆகவே போலி. 1999இல் ஐக்கிய நாடுகள் சபை வழியாக வந்த இஸ்தான்புல் நெறிமுறை, வதைக்காயங்களை மருத்துவர் விபரிப்பதற்கு ஐந்து படிகள் வைத்திருக்கிறது. சொல்லப்பட்ட காரணத்துக்குப் பொருந்தாதது, பொருந்துவது, பெரிதும் பொருந்துவது, அதற்கே இயல்பானது, வேறெதனாலும் வந்திருக்க முடியாதது. இவற்றை எழுதியவர்களின் நோக்கம் நல்லது. ஆனாலும் இந்தப் படிகளைக் கடந்துபோகிற மனிதன் ஒரு பொழுதாவது தன் முதுகைத் தன்னிடமிருந்து கழற்றி மேசையில் வைத்துவிட்டு நிற்க வேண்டியிருக்கிறது.

வழக்கு எட்டு வருடம் ஏறி இறங்கி, 2019 பங்குனி 6ஆம் திகதி பிரித்தானிய உயர்ந்தபட்ச நீதிமன்றம் அந்த முடிவைத் தள்ளியது. வில்சன் பிரபு எழுதிய தீர்ப்பில் ஒரு எளிய கணக்கு உண்டு. அக்காலத்து இலங்கையில் அரச படைகள் வதை செய்ததற்குச் சான்று ஏராளம். தஞ்சம் கேட்பவர் தன்னைத்தானே இப்படிச் சுடுவித்துக்கொண்டார் என்பதற்குச் சான்று ஏறத்தாழ இல்லை. ஒருவன் தன்மீது இவ்வளவு வலியை வருவித்துக்கொள்வது சாதாரண காரியமுமல்ல. இவற்றை நிறுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கு.

அண்ணையின் சந்தேகம் நியாயமானதுதான், நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஹெல்மெற் சந்தையில் போலி மலிவு, உண்மை அரிது. அங்கே சந்தேகத்திலிருந்து தொடங்குவதே புத்தி. தழும்புகளின் விஷயத்தில் கணக்குத் தலைகீழாக இருக்கிறது. அங்கேயும் அதே இடத்திலிருந்து தொடங்குபவர் கூர்மையானவர் போலத் தோன்றுவார், ஆனால் எண்ணத் தெரியாதவர். இரண்டாவது விஷயம் இதைவிடப் பாரமானது. அண்ணை பிழையாகத் தள்ளிவிட்ட ஹெல்மெற் கொட்டகையிலேயே கிடக்கும்; அதற்கு நோகாது. 1987 மார்கழியில் பிரபுக்கள் சபை, தமிழர் சிலரின் வழக்கில், அவர்களது பயம் புறநிலையில் நியாயமானதா என்பதை உள்துறை அமைச்சரே தீர்மானிக்கலாம் என்று முடிவு சொன்னது. 1988 மாசியில் ஐந்து இளைஞர்கள் கொழும்புக்கு அனுப்பப்பட்டார்கள். 1989இல் மேன்முறையீட்டை விசாரித்தவர், அவர்கள் தஞ்சத்துக்கு உரித்துடையவர்களாகவே இருந்தார்கள் என்று கண்டார். அவ்வருடமே திரும்பி வந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் அவர்களில் சிலர் துன்புறுத்தப்பட்டிருந்தார்கள். 1991இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டும், அப்படி நடக்கும் என்று முன்கூட்டியே உணரத்தக்க தனித்த அடையாளம் எதுவும் அவர்களிடம் இருக்கவில்லை என்று சொல்லிப் பிரித்தானியா மீது குற்றம் காணவில்லை. தனித்த அடையாளம்! விளிம்பின் உள்ளே ஒரு இலக்கம் குத்தியிருந்திருக்க வேண்டும் போலும்.

அகதிகளுக்கான உயர் ஆணையகத்தின் 1979ஆம் ஆண்டுக் கைநூல், விண்ணப்பிப்பவர் தன்னால் இயன்ற மட்டும் சொல்லிவிட்ட பின் எஞ்சுகிற சந்தேகத்தின் பலனை அவருக்கே கொடுக்கச் சொல்கிறது. அது கருணை வாசகம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது கணக்கு வாசகமாகவே படுகிறது. பிழை நேர்ந்தே தீரும், அதைத் தாங்கக் கூடிய பக்கத்தில் வை என்கிறது, அவ்வளவுதான்.

இங்கே எங்கள் ஆட்களே முணுமுணுப்பார்கள் என்று தெரியும். எங்களுக்குள் கதை வாங்கினவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஏஜென்சிக்காரன் கடவுச்சீட்டோடு கதையையும் சேர்த்து விற்றான். பாரிஸில் ஒரே அறையில் இருந்த நாலு பேர் ஒரே கிராமத்தில் ஒரே திகதியில் ஒரே ஜீப்பால் பிடிக்கப்பட்டதாக எழுதிக் கொடுத்த பகிடிகள் எல்லாருக்கும் தெரிந்தவை. ஆனால் அந்தக் கதைகளை வாங்கியவர்களில் பலருக்குச் சொந்தக் கதை இல்லாமலில்லை. சொந்தக் கதை மாதிரிக்குப் பொருந்தவில்லை. தமையனைப் பிடித்தார்கள், தகப்பன் கடையை விட்டார், தாய் இரவில் நித்திரை கொள்ளவில்லை, ஆகவே என்னை அனுப்பினார்கள் என்பது எந்தப் படிவத்திலும் ஏறாது. உண்மையான ஓட்டுக்கு மேல் போலிச் சின்னம் ஒட்டியதுபோல, உண்மையான பயத்துக்கு மேல் வாங்கிய கதையை ஒட்டிக்கொண்டார்கள். சின்னம் பிடிபட்டதும் ஓட்டையும் சேர்த்து எறிந்தார்கள். சேகரிப்பவர்கூட அப்படிச் செய்வதில்லை. சின்னத்தைக் கழித்து மிச்சத்துக்கு ஒரு விலை சொல்வார்.

வளைகுடாவில் இந்த அவஸ்தை இல்லை. ஐக்கிய அரபு அமீரகம் 1951ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தில் கையெழுத்திடவில்லை; ஆகவே அங்கே எவரும் எங்கள் கதையைக் கேட்பதில்லை. கடவுச்சீட்டு, விசா, இரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே. முன்பு எப்போதோ வந்து மாறிய காசநோய் நுரையீரலில் விட்ட தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்து விசா மறுக்கப்பட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டு. ஐரோப்பாவில் தழும்பு இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள், இங்கே இருந்தால் திருப்பி அனுப்புவார்கள் என்பது அல் கூஸ் காம்புகளில் இருந்த எங்கள் ஆட்களின் பகிடி. இங்கே தழும்பு உண்மையா என்று ஒருவரும் சந்தேகிப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் போரின் சாமான்களும் ஒருநாள் சந்தைக்கு வரும். புதுக்குடியிருப்பில் புலிகளின் தலைவருடைய நிலக்கீழ் வீட்டைத் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், 2013 ஐப்பசியில் இராணுவம் அதை வெடிவைத்துத் தகர்க்கும் வரை. அந்தச் சனம் கையில் எதையாவது எடுத்துக்கொண்டு போகாமலா இருந்திருக்கும்? இன்னும் ஐம்பது வருடத்தில் எங்கேயோ ஒரு கொட்டகையில் ஒரு குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, கயிறு அந்தக் காலத்துக் கயிறா, கண்ணாடி அந்தக் காலத்துக் கண்ணாடியா என்று ஒருவர் பார்ப்பார். நல்ல சேகரிப்பாளராக இருந்தால் அதன் கதையைக் கேட்கமாட்டார்.

அண்ணை டுபாயை விட்டு யேர்மனிக்குத் திரும்புவதற்கு முன் பெரும்பாலானவற்றை விற்றார். ஒன்றை வாங்க, புதிதாகச் சேர்க்கத் தொடங்கியிருந்த ஒரு டச்சுக்காரர் வந்தார். ஈரி 64, துளை அழுத்திய 1940ஆம் ஆண்டு வடிவம், ஓடும் தோலும் சந்தேகமற்றவை. பின் விளிம்பின் உள்ளே வெள்ளைப் பூச்சால், கைநடுங்கி எழுதியதுபோல, ஒரு பெயர். யேர்மன் போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் ஃபோல்க்ஸ்பண்ட் நிறுவனத்தின் பட்டியலில் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களைத் தேடிப் பார்க்கலாம். அதில் அகப்பட்டால் விலை கூடும். வந்தவர் நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார். கவிழ்த்தார், எழுத்தைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார், தோலை மணந்தார். பிறகு தன்னுடைய ரோர்ச்சை எடுத்துப் பெயருக்குக் கிட்டப் பிடித்து, இது பிறகு யாரும் எழுதியதாக இருக்குமோ என்று கேட்டார்.

கேட்க வேண்டிய கேள்விதான். அண்ணை பதில் சொல்லவில்லை. அவர் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கி, பழைய துவாய் ஒன்றில் சுற்றி, தன்னுடைய உடுப்புப் பெட்டிக்குள் வைத்தார். மற்றவற்றைப் பார்க்கலாம் என்றார்.